குளிர்ச்சியின் விலை: கரண்டு பில்லை முன்கூட்டியே கணக்கிடலாம்



ஒரு மூட்டை அரிசி வாங்கினால் அசல் விலை, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, எடைக்கழிவு, சாக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் கிலோவுக்கு விலை வைக்கிறோம். கால் ரூபாய் விட்டுப்போனாலும் நமக்குத் தூக்கம் வராது. அதே நாம் கடையில் ஒரு கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியை வைக்கும்போதும், வீட்டு மாடியில் ஏ.சி. மாட்டும்போதும் இந்த விசாரணை எதையும் செய்வதில்லை. பில் வந்த பிறகு மின்வாரியத்தைக் குறை சொல்கிறோம், அல்லது வெயிலைக் குறை சொல்கிறோம். குளிர்ச்சிக்கு ஆகும் மின்சாரத்தை முன்கூட்டியே காகிதத்தில் கணக்குப் போட முடியும் என்பதை நானும் அறுபது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

பூதப்பாண்டிப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பல வருடமாகக் கோட்டாற்றில் என்னிடம் சரக்கு எடுக்கிறவர். வாரா வாரம் பாக்கியை நேர் செய்துவிடுவார். அப்படிப்பட்டவருடைய கணக்கில் பாக்கி ஏறத் தொடங்கியது. கூப்பிட்டுக் கேட்டேன். "வியாபாரம் குறையல்ல அண்ணாச்சி. கரண்டு பில்லுதான் தின்னுது" என்றார். ஒரு வருடம் முன்பு குளிர்பானம் வைக்க ஒரு கண்ணாடிக் கதவுப் பெட்டி இலவசமாகக் கிடைத்ததாம். அதே சமயத்தில் ஐஸ்கிரீமுக்கு ஒரு டீப் பிரீசரைக் கடன் போட்டு வாங்கியிருக்கிறார். பில் பல மடங்கு ஆகிவிட்டது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி. கணக்குப் பார்க்காமல் கொடுக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்கே போனேன்.

முதல் கணக்கும் அதிலிருந்த பிழையும்

அடிப்படைக் கணக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1000 வாட் எடுக்கும் ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 75 வாட் மின்விசிறி ஒரு நாளில் 14 மணி நேரம் ஓடினால் 75 × 14 = 1050, அதாவது 1 யூனிட்டுக்குச் சற்று மேல். 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு இரண்டு, 14 மணி நேரத்துக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல். மின்தராசு, மற்ற சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து அந்தக் கடைக்கு நாளொன்றுக்கு 1.7 யூனிட். இரண்டு மாதத்துக்கு, 60 நாள் என்று வைத்தால், 102 யூனிட். பெட்டிகள் வருவதற்கு முன் அவருக்கு வந்த பில்லும் ஏறக்குறைய அதுதான்.

அடுத்து, பெட்டிகளின் முதுகில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தோம். குளிர்பானப் பெட்டி 300 வாட், டீப் பிரீசர் 200 வாட். இரவும் பகலும் ஓடுகிற சாமான்கள்தானே என்று 24 மணி நேரத்தால் பெருக்கினோம். 7.2 யூனிட்டும் 4.8 யூனிட்டும் சேர்ந்து நாளுக்கு 12 யூனிட். 60 நாளைக்கு 720. பழைய 102 சேர்த்தால் 822. ஆனால் கையிலிருந்த பில்லில் 610 தான் இருந்தது. மீட்டர் நமக்குச் சாதகமாக ஓடுகிறது போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டோம்.

உண்மையில் பிழை எங்கள் கணக்கில்தான். குளிர்பெட்டி எப்போதும் செருகியிருக்கிறதே தவிர, எப்போதும் ஓடுவதில்லை. உள்ளே வேண்டிய குளிர் வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். உள்ளே சூடு ஏறியதும் மறுபடி ஓடும். ஆகவே தகட்டிலுள்ள வாட் மட்டும் போதாது. ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதுதான் கணக்கின் உயிர்நாடி.

மீட்டர் விளக்கு சொல்லும் உண்மை

இதை அறியத் தனிக் கருவி வேண்டாம். இப்போதைய மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அந்தக் கடை மீட்டரில் 3200 என்று இருந்தது. விளக்கு, விசிறி, டீப் பிரீசர் எல்லாவற்றையும் சில நிமிடம் நிறுத்திவிட்டு, குளிர்பானப் பெட்டி மட்டும் ஓடும்போது எண்ணினோம். நிமிடத்துக்கு 16 மினுக்கு. மணிக்கு 960. அதை 3200-ஆல் வகுத்தால் 0.3 யூனிட், அதாவது 300 வாட். தகடு சொன்னது சரி.

பிறகு கம்ப்ரசர் ஓடும் சத்தத்தைக் கேட்டு, கடிகாரத்தை வைத்துக் குறித்தோம். பகலில் ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் ஓடியது. இரவில் கடை அடைத்த பிறகு 30 நிமிடம் ஓடியது. இப்போது கணக்கு இப்படி ஆகிறது:

பகல் 14 மணி நேரம்: மணிக்கு 0.25 யூனிட் வீதம் 3.5 யூனிட்.
இரவு 10 மணி நேரம்: மணிக்கு 0.15 யூனிட் வீதம் 1.5 யூனிட்.
ஆக, குளிர்பானப் பெட்டிக்கு நாளொன்றுக்கு 5 யூனிட்.

டீப் பிரீசர் சராசரியாக மணிக்கு 40 நிமிடம் ஓடியது. அதற்கு நாளுக்கு 3.2 யூனிட். மூன்றையும் கூட்டினால் 9.9 யூனிட், 60 நாளைக்கு 594. பில்லில் 610. பதினாறு யூனிட் வித்தியாசம்தான். இவ்வளவு நெருங்கிவிட்டால் அந்தக் காகிதத்தை நம்பி முடிவெடுக்கலாம்.

நாம் வருடக் கடைசியில் இருப்பு எடுக்கிறோமே, அதே வேலைதான் இது. புத்தக இருப்பு ஒன்று, கிடங்கில் எண்ணிய இருப்பு ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ எலி இருக்கிறது அல்லது எழுத்தில் பிழை இருக்கிறது. கரண்டுக்கும் காகிதக் கணக்கு ஒன்று, மீட்டர் கணக்கு ஒன்று வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும்.

பாட்டிலுக்கு என்ன செலவு?

நிலைக்கட்டணத்தைத் தனியாக வைத்துவிட்டு, கணக்கு எளிதாக இருக்க யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போடும்போது உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்பானப் பெட்டிக்கு நாளுக்கு 50 ரூபாய் செலவு. தம்பி ஒரு நாளில் விற்றது சுமார் 25 பாட்டில், பாட்டிலுக்கு நிகர லாபம் 2 ரூபாய். வரவும் 50, செலவும் 50. பெட்டி அடைத்திருக்கும் இடத்துக்கு வாடகைகூடத் தேறவில்லை. இலவசம் என்று வந்தது பெட்டிதான். அதன் தீனி நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

டீப் பிரீசருக்கு நாளுக்கு 32 ரூபாய் செலவு. ஐஸ்கிரீமில் அவருக்குக் கிடைத்த லாபம் நாளுக்கு 90 ரூபாய். ஆகவே எதைத் திருப்புவது, எதை வைத்துக்கொள்வது என்பது பேச்சில்லாமல் விளங்கிவிட்டது. கடனுக்கு வாங்கியது காப்பாற்றுகிறது. இலவசமாக வந்தது கரைக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 100 லிட்டர் பானத்தை 32 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரவைக்க, அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் சுமார் 3.1 யூனிட். குளிர்பெட்டி ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு இரண்டு பங்கு வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று வைத்தால், செலவு ஒன்றரை யூனிட், 15 ரூபாய். லிட்டருக்கு 15 பைசாதான். ஆகவே பானத்தைக் குளிர்விப்பதில் செலவு அதிகமில்லை. குளிரைக் காப்பாற்றுவதில்தான் செலவு. கண்ணாடி வழியாக, ரப்பர் வார் விலகிய இடுக்கு வழியாக, கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சூடு உள்ளே போகிறது. நாம் விற்றாலும் விற்காவிட்டாலும் அது போய்க்கொண்டேயிருக்கிறது. கடை வாடகையைப் போன்ற செலவு இது. அதனால்தான் 25 பாட்டில் விற்கும் கடைக்கு நஷ்டமாகிற அதே பெட்டி, 100 பாட்டில் விற்கும் கடைக்கு லாபமாகிறது.

இரவில் அணைத்துவிட்டால் மிச்சமாகாதா என்று பலர் கேட்பார்கள். இரவுச் செலவு 1.5 யூனிட். அணைத்துவிட்டால் 100 லிட்டர் பானம் விடிவதற்குள் 5 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏறியது என்று வைத்தால், அதை மறுபடி குளிர்விக்கக் காலையில் 0.9 யூனிட் ஆகும். நிகர மிச்சம் 0.6 யூனிட், 6 ரூபாய். உள்ளே பாலோ தயிரோ இருந்தால் அது கெட்டு, ஒரே இரவில் அதைவிடப் பல மடங்கு போய்விடும். பாட்டில் மட்டும் வைக்கிறவர்களுக்கு இது அவரவர் விருப்பம். பால் வைக்கிறவர்கள் அணைக்கவே கூடாது.

டன் என்றால் என்ன?

இந்தக் கணக்கை முடித்துவிட்டு வீடு வந்ததும் என் வீட்டிலேயே அடுத்த கேள்வி காத்திருந்தது. மாடி அறைக்கு ஏ.சி. வேண்டும் என்றார்கள். ஒரு டன்னா, ஒன்றரை டன்னா என்று பேச்சு. டன் என்பது மெஷினின் எடை என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. அது எடைதான், ஆனால் மெஷினுடையதல்ல, ஐஸினுடையது.

ஐஸ் மெஷின் வராத காலத்தில் அமெரிக்காவின் குளிர்கால ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி விற்றார் பிரெடெரிக் டியூடர் என்ற வணிகர். அவருடைய சரக்கு 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக்கு வந்த ஐஸை இருப்பு வைக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸை எடைபோட்டு விற்ற அந்தப் பழக்கம் குளிர்ச்சி அளவையில் நிலைத்துவிட்டது. 2000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை அகற்றும் மெஷின் ஒரு டன் மெஷின். இன்றைய கணக்கில் 3500 வாட் வெப்பம். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் மீனுக்கு ஐஸ் கட்டி உடைத்துப் போடுவதைப் பார்த்த நமக்கு இது எளிதில் பிடிபடும்.

3500 வாட் என்றதும் அவ்வளவு கரண்டு ஆகுமா என்று பயப்பட வேண்டாம். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளேயிருக்கும் சூட்டை வெளியே சுமந்துகொண்டுபோய்க் கொட்டுகிறது. சுமைகூலிதான் மின்சாரம். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சூட்டைச் சுமக்கும் மெஷின்கள் உண்டு. அப்படியானால் நாம் கணக்கிட வேண்டியது, அறைக்குள் எவ்வளவு சூடு வருகிறது என்பதை.

சூடு எந்த வழியாக வருகிறது?

ஓட்டுவீடாக இருந்தபோது நாஞ்சில் நாட்டில் இந்தக் கவலை குறைவு. உயர்ந்த ஓட்டுக்கூரை, கீழே மரத் தட்டு, நடுவில் முற்றம், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குள் மத்தியான வெயிலில் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுமானத்தின் அருமை தெரியும். இன்று எல்லாம் கான்கிரீட் வார்ப்பு. வார்ப்பு பகல் முழுக்கச் சூட்டைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் திருப்பிக் கொடுக்கிறது.

எஞ்சினியர்கள் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். உள்ளுக்கும் வெளியுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு கடக்கும் என்பது அந்த எண். வெறும் வார்ப்புக்கு அது ஏறக்குறைய 3. எங்கள் மாடி அறை 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். வெயிலில் மேல்தளம் அறையைவிட 20 டிகிரி கூடுதலாக இருந்தால் 3 × 11 × 20 = 660 வாட். இரவுக்குச் சராசரியாக 500 வாட் என்று எடுத்துக்கொண்டேன். சுவர், ஜன்னல், கதவிடுக்கு வழியாக 600 வாட். இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும் 250 வாட்.

நான்காவது ஒன்று உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது ஈரம். நம் மாவட்டத்தில் வெப்பமானி 40 டிகிரியைத் தொடுவது அபூர்வம். ஆனாலும் புழுக்கம் குறைவில்லை, காரணம் கடல்காற்றின் ஈரம். அந்த ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றுவதும் ஏ.சி.யின் வேலை. ஒரு லிட்டர் தண்ணீர் வடிய 0.68 யூனிட் அளவுக்கு வெப்பத்தை அகற்ற வேண்டும். இதை அளப்பது மிக எளிது. வெளியே தண்ணீர் சொட்டும் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்தால் போதும். எட்டு மணி நேரத்தில் எங்கள் வாளியில் 6 லிட்டர் சேர்ந்தது. 6 × 0.68 = 4.1. மணிக்குச் சராசரி 500 வாட்.

நான்கையும் கூட்டினால் 1850 வாட். எங்கள் மெஷின் மூன்றரைப் பங்கு சுமக்கும் என்று வைத்து வகுத்தால் சுமார் 530 வாட் மின்சாரம். எட்டு மணி நேரத்துக்கு 4.2 யூனிட், 60 நாளைக்கு 254 யூனிட். மீட்டரில் பார்த்தால் ஓர் இரவுக்கு 4.8 ஆகியிருந்தது. எலி எங்கே என்று தேடினோம். கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி, ஜன்னல் சட்டம் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. தச்சரைக் கூப்பிட்டு அடைத்த பிறகு 4.3-க்கு வந்தது. கணக்குப் போடாமலிருந்தால் 4.8 அதிகம் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டு மின்சிக்கன விதித்தொகுப்பு, கூரைக்கு அந்த எண் 1.2-க்கு மேல் போகக்கூடாது என்கிறது. வெறும் வார்ப்பின் 3-ஓடு ஒப்பிட்டால் கூரை வழியாக வரும் சூடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ மேல்தளத்தில் போட்டால் தளம் சூடேறுவதே குறையும். பழைய கொத்தனார்கள் சுர்க்கி போட்டுத் தட்டோடு பதித்ததும் வீணாக அல்ல.

வெயிலா, மெஷினா?

பில் கூடினால் "இந்த வருஷம் வெயில் அதிகம்" என்று சொல்லிவிடுகிறோம். வெயிலையும் கணக்கில் எடுக்க ஒரு வழி இருக்கிறது. அதற்கு டிகிரி நாள் என்று பெயர். இந்தியாவில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்து, 1878-ல் பஞ்சக் கமிஷனுக்குத் தலைமை வகித்த ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி, பயிர் வளரும் பருவத்தை அளக்க அதே காலத்தில் வகுத்த முறை இது. பிற்காலத்தில் அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்க எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று மதிப்பிட இதையே பிடித்துக்கொண்டார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் வீட்டுச் சூட்டுச் செலவும் இந்த முறையில்தான் மதிப்பிடப்படுகிறது. அங்கே குளிரை எண்ணுகிறார்கள், நாம் வெயிலை எண்ண வேண்டும்.

முறை இதுதான். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பம் 34, குறைந்தபட்சம் 26 என்றால் சராசரி 30. நமக்கு இதமான அளவு 24 என்று வைத்தால் அன்றைக்கு 6 டிகிரி நாள். இப்படித் தினமும் குறித்துக் கூட்ட வேண்டும். செய்தித்தாளிலேயே அன்றாட வெப்பநிலை வருகிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. போடாத மார்கழி, தை பில் 200 யூனிட். அது அடிப்படைச் செலவு. சென்ற ஆண்டு கோடையில் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், 340 டிகிரி நாள். ஏ.சி.க்கு ஆனது 280. ஒரு டிகிரி நாளுக்கு 0.82 யூனிட். இந்த ஆண்டு 360 டிகிரி நாள், பில்லில் 560 யூனிட். வெயில் மட்டும் காரணம் என்றால் 360 × 0.82 = 295, அடிப்படை 200, ஆக 495 தான் வந்திருக்க வேண்டும். மீதி 65 யூனிட் வெயிலின் குற்றமல்ல. வடிகட்டி தூசி அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது யாரோ 20 டிகிரியில் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

இந்த 65 யூனிட் சிறிய விஷயமல்ல. வீட்டு இணைப்பில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியிலுள்ள சில யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடிவிடுகிறது. 495-ல் நிற்க வேண்டிய வீடு 560-க்குப் போனால் இரண்டு பக்கமும் அடி.

எத்தனை டிகிரியில் வைப்பது என்பதற்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 2020 முதல் புதிய ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி செய்ததும் இதற்காகத்தான். நம் ஊரில் இரவு வெளியே 28 டிகிரி என்றால், 20-ல் வைத்தவருக்கு வித்தியாசம் 8, 26-ல் வைத்தவருக்கு 2. சுவர் வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வரும் சூடு நான்கில் ஒரு பங்காகிறது. ஆளின் சூடும் ஈரமும் அப்படிக் குறையாது என்பதால் பில் நான்கில் ஒன்றாகாது. ஆனாலும் நம் சீதோஷ்ணத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் விலை உண்டு. 26-ல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுவதே நமக்கு ஏற்றது.

நட்சத்திர முத்திரையைப் படிக்கும் விதம்

கணக்குப் போடச் சோம்பல்படுகிறவர்களுக்காக அரசே ஒரு கணக்குப் போட்டு ஒட்டியிருக்கிறது. நட்சத்திர முத்திரைத் திட்டம் 2006-ல் தொடங்கியது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், கீழே வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும் படிக்க வேண்டும். ஏ.சி. முத்திரையில் அந்த எண் வருடத்துக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்கு, 24 முதல் 43 டிகிரி வரை வெளிவெப்பம் இருக்கும் என்ற அனுமானத்தில் போட்டது. 800 யூனிட் என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் வருடம் முழுக்கப் போட்டால் 2920 மணி நேரம், 1460 யூனிட். அச்சிட்ட எண்ணை நம்பி 800-க்குத் தயாராக இருந்தால் ஏமாற்றம்தான். டீப் பிரீசருக்கும் 2020-ல் இந்த முத்திரை வரத் தொடங்கியது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கடையில் ஏ.சி. வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக்குள் இருக்கும் குளிர்பெட்டி தான் எடுக்கும் கரண்டு முழுவதையும் சூடாகக் கடைக்குள்ளேயே விடுகிறது. அந்தச் சூட்டை ஏ.சி. மறுபடி வெளியே சுமக்க வேண்டும். 300 வாட் பெட்டிக்கு ஏ.சி.யில் மேலும் 100 வாட் வரை. ஒரே சரக்குக்கு இரண்டு முறை கூலி கொடுப்பது போல.

செய்ய வேண்டியவை

பூதப்பாண்டித் தம்பியின் பெட்டி மேற்கு வெயில் படும்படி வாசலில் நின்றது. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. பின்புறக் கம்பிச் சுருளில் மாவுத் தூசி அடை அடையாக இருந்தது. பெட்டியை உள்ளே தள்ளி, சுவரிலிருந்து அரை அடி விட்டு, தூசியைத் துடைத்து, கதவின் ரப்பர் வாரை மாற்றினார். பகலில் 50 நிமிடம் ஓடியது 35 ஆனது, இரவில் 30 நிமிடம் 25 ஆனது. 5 யூனிட் 3.7 ஆயிற்று. இரண்டு மாதத்தில் 78 யூனிட் மிச்சம். பெட்டியில் காலியாகக் கிடந்த தட்டுகளில் பாலும் தயிரும் இட்லி மாவும் வைத்தார். பெட்டி இப்போது தன் தீனிக்குத் தானே சம்பாதிக்கிறது. பழைய பாக்கி முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏறுவது நின்று, இறங்கத் தொடங்கியிருக்கிறது.

ஆகவே நண்பர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் கடையிலும் வீட்டிலும் உள்ள ஒவ்வொரு சாமானின் வாட்டையும் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில் அது உண்மையில் ஓடும் நேரத்தை எழுதுங்கள். மூன்றாம் பக்கத்தில் பெருக்கிக் கூட்டி, அடுத்த பில் எவ்வளவு வரும் என்று நீங்களே எழுதி வையுங்கள். பில் வந்ததும் ஒத்துப் பாருங்கள். முதல் தடவை நூற்றுக்கு முப்பது பிசகும், எனக்கும் பிசகியது. இரண்டாம் மூன்றாம் தடவையில் நூற்றுக்கு ஐந்துக்குள் வந்துவிடும்.

புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும், அது காசுக்கு வந்தாலும் இலவசமாக வந்தாலும், கடைக்குள் ஏற்றுவதற்கு முன் நாளுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். அந்தப் பணத்தை ஈட்ட எத்தனை பாட்டில் விற்க வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். விடை சரியாக வந்தால் மட்டும் பிளக்கைச் செருகுங்கள்.